மேகலாவுக்குப் போர்த்திய பொன்னாடை

சம்பூர்ணம் டீச்சருக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். இப்படிப்பட்ட எங்கள் இருவரையும் அரியலூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையத்தில் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அங்கே சேர்ந்தது 2002இல். அந்த வருடம்தான் அரியலூர் மாவட்டம் என்று புதிதாக எழுதிய போர்டுகளை எல்லாம் அழித்துவிட்டு, மறுபடியும் பெரம்பலூர் மாவட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பவும் அரியலூர். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் வேலைக்குப் பஞ்சமில்லாமல் பிழைத்தவர்கள் போர்டு எழுதுகிறவர்கள்தான்.

பயிற்சி என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் கைதட்டி ஒரு பாட்டு. பதினோரு மணிக்கு டீயும் வடையும். பிறகு சார்ட்டில் எதையாவது எழுதிச் சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைவார்கள். மூன்று மணிக்கே பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குத் தயாராகிவிடுவார்கள். எதைச் சொன்னாலும், "இதெல்லாம் நாங்க முன்னாடியே பண்ணிக்கிட்டுத்தான் மேடம் இருக்கோம்" என்று ஒரு பதில் வைத்திருப்பார்கள். நான் அடிக்கடி சண்டைக்குப் போவேன். சம்பூர்ணம் டீச்சர் போகமாட்டார்.

ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொக்குகிற அந்த ஒரு மணி நேரத்தை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். யாரும் விரும்பாத நேரம் என்பதால் உடனே கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்கு அவர் வைத்திருந்த பாடம் எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இல்லாத ஒன்று. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற அம்மாவையோ அப்பாவையோ பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கும் வருகிற பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் பாடம். அதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. நாங்கள் "டீச்சரோட ரெண்டு மணி கிளாஸ்" என்போம்.

எடுத்தவுடன் கேட்பார்: "இந்த வாரம் லேட்டா வந்ததுக்கு யாரை வெளியில நிக்க வெச்சீங்க?"

யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். "எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா மேடம். தெனமும் லேட்டு."

"ஏன் லேட்டுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். வாயில கொழுக்கட்ட. ஒண்ணும் சொல்லமாட்டா."

"எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"பிரேயர்லதான்."

"பிரேயர்ல, நானூறு பிள்ளைங்க முன்னாடி, எங்கம்மாவுக்குப் பீத்துணி அலசிட்டு வந்தேன்னு அவ சொல்லணுமா?"

அதற்குப் பிறகு யாருக்கும் தூக்கம் வராது. டீச்சர் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போவார். சத்துணவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தட்டு போட்டு மூடி வீட்டுக்கு எடுத்துப் போகும் பிள்ளையைப் பாருங்கள். விளையாட்டு பீரியடில் மரத்தடியில் தூங்கும் பிள்ளையைப் பாருங்கள். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காத பிள்ளை, வகுப்பைக் கூட்டச் சொன்னால் முதலில் எழுந்திருக்கும் பிள்ளை, அதையும் பாருங்கள். "பொறுப்பான பொண்ணு, பொறுப்பான பொண்ணுன்னு நாம யாரையாவது சொன்னா, அவ வூட்டுல யாருக்கோ முடியலன்னு அர்த்தம். போயிப் பாருங்க. தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. லேட்டா வந்தா காரணம் கேக்காம உள்ள உடுங்க. இதுக்கு மேல நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்பார்.

இந்தப் பாடம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவருடைய ஊர் திருமழபாடி, கொள்ளிடக் கரை. அவர் ஐந்தாவது படிக்கும்போது அம்மா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். மூத்தவள் கொளஞ்சியம்மாள் அப்போது அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது. கணக்கில் வாத்தியாரையே மடக்குகிறவளாம். அப்பா வயலுக்குப் போக வேண்டும், தங்கச்சி சின்னவள், ஆகவே கொளஞ்சி வீட்டில் நின்றாள். ஒரு வாரத்துக்கு என்று நின்றவள் அப்புறம் போகவே இல்லை. அம்மா வருடக்கணக்கில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அதற்குள் தங்கச்சி படித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைக்கும் வந்துவிட்டார். கொளஞ்சிக்கு வயது கடந்து, உள்ளூரிலேயே ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள்.

ஊரே கொளஞ்சியைப் புகழ்ந்தது. பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் ஒருத்தியாவது, "இன்னிக்கு ஒரு நாள் நான் உங்கம்மாவைப் பாத்துக்கறேன், நீ பள்ளிக்கூடம் போயிட்டு வா" என்று சொன்னாளா என்றால், இல்லை. புகழ்வதற்கு என்ன, வாய்தானே வலிக்கப் போகிறது!

சம்பூர்ணம் டீச்சருக்கு வாழ்க்கையில் குறை என்று எதுவும் கிடையாது. மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் நல்ல புருஷன், காலேஜில் படிக்கிற பையன், சொந்த வீடு. ஆனால் ஒரே ஒரு ஏக்கம் அவரை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அக்கா அந்த நாட்களைப் பற்றி ஒரு தடவையாவது வாய் திறந்து பேச வேண்டும். படிக்க ஆசையாக இருந்தது என்று சொல்லட்டும், உன்னால்தான் என் படிப்புப் போனது என்று திட்டட்டும், எதுவாக இருந்தாலும் சரி. அவர் எத்தனையோ முறை பேச்சை எடுத்துப் பார்த்துவிட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்குடி? சோத்தைப் போட்டுச் சாப்புடு" என்பதோடு அக்கா முடித்துவிடுவாள். திருமழபாடிக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீச்சர் முகம் வாடித்தான் இருக்கும். "நெறைய சாப்பாடு போட்டா ரஞ்சனி. வேற ஒண்ணும் தரல" என்பார்.

2005 ஜூலையில், ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ராஜராஜன் சார் எங்கள் ரெண்டு மணி கிளாஸில் வந்து மாட்டினார். மாட்டினார் என்று சொன்னாலும், மனிதர் தங்கம். ஒரே ஒரு வியாதி, மேடை வியாதி. மைக்கைக் கண்டால் விடமாட்டார். மைக் இல்லாவிட்டாலும் கவலையில்லை, அவர் தொண்டையே போதும். அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், எங்க ஸ்கூல்லயே அப்படி ஒரு பொண்ணு இருக்கு. நான் அவளைப் போன வாரந்தான் முட்டி போட வெச்சேன்."

அந்தப் பெண்தான் மேகலா. எட்டாம் வகுப்பு. அம்மா பாப்பாத்தி, கடலைக்கொடி ஏற்றிய டிராக்டரின் மேலே உட்கார்ந்து வந்து, பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது கீழே விழுந்தவள். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. அப்பா மணிவேல் சிமெண்ட் லாரியில் கேரளாவுக்குப் போகிறவர். வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான்.

ராஜராஜன் சார் நாங்கள் சொன்னதை அப்படியே செய்தார். மேகலாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டாவது மணிக்கு வந்தாலும் உள்ளே விடச் சொன்னார். மதியம் வீட்டுக்குப் போய்வர அனுமதித்தார். அரையாண்டுத் தேர்வில் அந்தப் பெண் வகுப்பில் இரண்டாவது. ஒன்பதாவதுக்கு ரெட்டிபாளையம் பக்கம் உள்ள உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவானது. அந்தச் செய்தி வந்த அன்று சம்பூர்ணம் டீச்சர் மையத்தில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். "இந்த ஒரு பொண்ணு ஒம்போதாவது வாசப்படியை மிதிச்சிட்டாப் போதும் ரஞ்சனி. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அவர் கண் எங்கேயோ கொள்ளிடக் கரையில் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் ராஜராஜன் சார் போன் செய்தார். சந்தோஷத்தில் அவர் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், நேத்து ஆண்டு விழா. பிரமாதம்! நீங்க சொன்னதை நான் ஒரு படி மேலயே பண்ணிட்டேன். அந்தப் பொண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, ஊருக்கு முன்னாடி பொன்னாடை போத்தினேன். அந்த நேரத்துல ஜனம் கண்கலங்கிப் போச்சு மேடம். பக்கத்து ஊருலேருந்தெல்லாம் வந்திருந்தாங்க."

சம்பூர்ணம் டீச்சர் போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நம் ஊரில் ஒருவர் மேல் அன்பு வந்துவிட்டால் நமக்குத் தெரிந்த ஒரே வழி பொன்னாடை. ரிட்டையர் ஆகிறவருக்கு, தேர்தலில் ஜெயித்தவருக்கு, கல்யாணத்துக்கு வந்த பெரிய மனிதருக்கு, எல்லோருக்கும் அதே பளபளத் துணி. வாங்கினவர் அதை அடுத்தவருக்குப் போர்த்துவார், அடுத்தவர் இன்னொருவருக்கு. ராஜராஜன் சார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணின் தோளில் இருக்கிற பாரம் போதாதென்று அதன்மேல் ஒரு ஜரிகைத் துணியையும் வைத்துவிட்டார், அவ்வளவுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். இந்த முறை காதில் வைத்தால்தான் கேட்டது. "மேடம், பொண்ணு ஸ்கூலுக்கு வர்றதில்ல. ஆள் அனுப்பினேன். இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம்."

மறுநாளே நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். வழி நெடுகிலும் சிமெண்ட் லாரிகள். வேப்பமரங்கள் எல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நின்றன. ஓட்டு வீடுதான் மேகலாவுடையது. உள்ளே நாடாக் கட்டிலில் பாப்பாத்தி படுத்திருந்தாள். மேகலா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண், முழங்கை வரை சோப்பு நுரை. நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள். எழுந்த வேகத்தைப் பார்த்தால் மரியாதைக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

"நீங்கதான் அந்த டிரெயினிங் டீச்சரா? சார் மேடையில உங்க பேரையும் சொன்னாரு. உங்களை யாரு டீச்சர் ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னா? நான் சார்கிட்ட மட்டுந்தான சொன்னேன்!"

"தப்புதாம்மா" என்றார் சம்பூர்ணம் டீச்சர்.

"முன்னாடி நான் தெருவுல போனா மேகலா போறான்னு சொல்லுவாங்க. இப்ப மூத்திரத்துணி அலசுற பொண்ணு போவுதுங்கிறாங்க. கிளாஸ்ல என் பக்கத்துல மூக்கைப் பொத்திக்கிட்டு வெளாட்டு காட்டுறானுங்க. சரி, அதைக்கூட உடுங்க. இனிமே நான் படிக்கப் போறேன்னு கெளம்புனா என்ன சொல்லுவாங்க தெரியுமா? சால்வையையும் வாங்கிக்கிட்டு அம்மாவை உட்டுட்டு ஓடுறா பாருன்னு சொல்லுவாங்க."

அந்தப் பொன்னாடை கொடியில் ஓரமாகத் தொங்கியது. மேகலா அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "அது தண்ணிகூட உறிஞ்சாது டீச்சர். ஒரு பழைய வேட்டியைக் குடுத்திருந்தாலாவது கிழிச்சு அம்மாவுக்குப் போட்டிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பூர்ணம் டீச்சர் அழவில்லை. அந்தப் பெண் திட்டத் திட்ட, அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தாகம் இருந்தது. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று கேட்பவர் போல அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறொரு வாயிலிருந்து வராத வார்த்தைகள் அல்லவா!

அப்போது உள்ளேயிருந்து பாப்பாத்தி கூப்பிட்டாள். "டீச்சர், இங்க வாங்க. கத்திக்கிட்டுத்தான் இருப்பா அவ. என்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். சுத்தமான படுக்கை, வாரிப் பின்னிய தலை. மகளின் கை அந்த அம்மாளின் மேல் எங்கும் தெரிந்தது.

"முன்னாடி நாலு மணி ஆச்சுன்னா இவ வருவா டீச்சர். பைய வெக்கிறதுக்குள்ள வாய் ஆரம்பிச்சிரும். யாரு யாரை அடிச்சா, எந்த டீச்சரு என்ன பொடவ கட்டியிருந்தாங்க, சத்துணவு முட்ட அழுவிப் போச்சு, அது இதுன்னு. அந்தக் கதையைக் கேக்கத்தான் நான் காலையிலேருந்து கெடப்பேன். எனக்கு வெளிய என்ன தெரியுது? இவ கொண்டாந்தாத்தான் உண்டு. இப்ப நாள் பூரா இங்கயேதான் இருக்கா. என்கிட்ட சொல்றதுக்கு இவகிட்ட ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் சேந்து மேல ஓட்டைப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறோம்."

பாப்பாத்தி சிரிக்க முயன்றாள். மேகலா நிலைப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அப்ப அனுப்பி வெக்கலாமேம்மா" என்றேன் நான்.

"யாரு தூக்குறது? காலையில என்னைத் தூக்கி உக்கார வெச்சு, குளிக்க வெச்சுப் படுக்கப் போடணும். இவளால ஒண்டியா முடியாது. ஆறேழு தடவ நிறுத்தி நிறுத்திப் பண்ணி முடிக்கையில மத்தியானம் ஆவுது. முன்னாடி என் தம்பி நல்லதம்பி பொண்டாட்டி வருவா, ராசாத்தி. அவ வந்து கை குடுத்தா அரை மணி நேரம். இப்ப அவ வர்றதில்ல."

"ஏன் வர்றதில்ல?"

"ஆண்டு விழாவுக்குப் போயிட்டு வந்தா. மறுநாளு வரல. அவளைத்தான் கேக்கணும்."

ராசாத்தியின் வீடு அடுத்த தெரு. முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பள்ளிக்கூட விஷயமாக வந்தவர்கள் என்று தெரிந்ததும், "வாங்க, உக்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, கடலை உடைப்பதைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு கடலையும் படார் படார் என்று உடைந்தது.

சம்பூர்ணம் டீச்சர் கேட்டதும், முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"ரெண்டு வருஷமா விடிஞ்சா நான்தாங்க போறேன். எனக்கும் வூடு இருக்கு, மாடு இருக்கு. நாத்தனாங்கிற பாசத்துல செய்யறேன், நான் யாருகிட்டயும் சொல்லிக்கிட்டது கெடையாது. அன்னிக்கு அந்த சாரு மைக்கைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு? நாதியில்லாத வூட்டுல தன்னந்தனியா தாயைச் சொமக்கிற பொண்ணாம்! கூடப் பொறந்த தம்பி அடுத்த தெருவுல இருக்கையில நாதியில்லையாம்! எங்கம்மா வூட்டுலேருந்து வந்தவங்க அத்தன பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவேன்? சரி, தனியாத்தான சொமக்கிறா, சொமக்கட்டும்னு உட்டுட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு பேச்சுக்காக ஒரு பொண்ணோட படிப்பையே..." என்று ஆரம்பித்தேன். சம்பூர்ணம் டீச்சர் என் காலை மிதித்தார். லேசாக இல்லை, நன்றாகவே மிதித்தார்.

"உங்க கோவம் நியாயந்தாங்க" என்று ராசாத்தியிடம் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் நான் பொரிந்து தள்ளினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "ரஞ்சனி, இது பள்ளிக்கூடத்துச் சண்டை இல்ல. முறைக் கோவம். கல்யாணத்துல தாய்மாமனுக்கு மாலை போடாம உட்டா என்ன பண்ணுவாங்க? அவன் பந்தியில உக்காராம எழுந்து போயிடுவான். அப்புறம் பொண்ணு வூட்டுக்காரங்க வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு அவன் வூட்டுக்கே போயிக் கூப்புடணும். சட்டம் பேசினா வரமாட்டான். யாரு மாலை போடாம உட்டாங்களோ அவங்கதான் போவணும்."

ராஜராஜன் சார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் நல்லதுதான மேடம் பண்ணினேன்?" என்றார். பாவம், தவித்துப் போயிருந்தார்.

"நல்லதுதான் சார் பண்ணினீங்க. அந்தப் பொண்ணுக்குக் கூட யாரெல்லாம் இருக்காங்கன்னு கேக்கறதுக்கு நானும் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. பொண்ணைப் பாருங்கன்னுதான் சொன்னேன். அவளைச் சுத்தி இருக்கறவங்களைப் பாக்கச் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜராஜன் சார் ராசாத்தி வீட்டுத் தெருமுனையில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. எனக்குச் சந்தேகம் வந்து பையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே புத்தம்புதுப் பொன்னாடை!

"ராசாத்தி அம்மாவுக்கும் ஒண்ணு போத்திடலாம்னு..." என்று இழுத்தார்.

"சார், அந்தப் பையை இங்கேயே மரத்துல மாட்டிட்டு வாங்க" என்றார் சம்பூர்ணம் டீச்சர். கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததேயில்லை.

ராசாத்தி தாம்பாளத்தைப் பார்த்தாள், ராஜராஜன் சாரைப் பார்த்தாள். கைநீட்டவில்லை. "ஊருக்கு முன்னாடி சொல்லிட்டு, இப்ப வூட்டுக்குள்ள வந்து வெத்தல குடுத்தா ஆச்சுங்களா?" என்றாள்.

 மனிதர் தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று தெருவின் நடுவில் போய் நின்றுகொண்டார். மைக் இல்லை. "ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!" என்று ஒரு குரல் விட்டார் பாருங்கள், கட்டியிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்து நின்றார்கள்.

"அன்னிக்கு மேடையில நான் விவரம் தெரியாமப் பேசிட்டேன். பாப்பாத்தி அம்மாவைத் தெனமும் காலையில தூக்கி உக்கார வெச்சுப் பாக்கறது அவங்க தம்பி சம்சாரம் ராசாத்தி அம்மாதான். இந்த வூட்டுக்கு நாதி இருக்கு. நாதியில்லன்னு நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்ணின் பெருமை என்று அடுத்த கட்டத்துக்கு ஏறப் பார்த்தார். ராசாத்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போதும் உள்ள வாங்க சார், ஊரே கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கினாள். வாங்கியவள் என்னிடம் மட்டும் கேட்கும்படி, "அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போவாம நான் மட்டும் நிம்மதியாவா இருந்தேன்?" என்றாள்.

மறுநாள் காலை அவள் பாப்பாத்தி வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாள் மேகலா பள்ளிக்கூடம் வந்தாள். அவள் வந்தால் யாரும் கைதட்டக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ராஜராஜன் சாருக்கு நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்தின பையன்களை மட்டும், ஒவ்வொருவனாகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். ஜூனில் மேகலா ஒன்பதாவதில் சேர்ந்தாள்.

அந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை எங்களுக்குத் திருமானூரில் பயிற்சி. முடிந்ததும், "வா, அக்காவைப் பாத்துட்டுப் போவலாம்" என்று டீச்சர் என்னையும் திருமழபாடிக்குக் கூட்டிப்போனார். கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லை, மணல்தான். கொளஞ்சியம்மாள் எங்களைப் பார்த்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் மீன் குழம்பைச் சூடு பண்ணப் போனாள். தங்கையைவிடக் குள்ளம், தங்கையைவிடத் துறுதுறுப்பு. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள்.

சாப்பிடும்போது சம்பூர்ணம் டீச்சர் மேகலா கதையைச் சொன்னார். பழைய பேச்சை இழுக்கவில்லை. அந்த ஆசையை அவர் விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேறு ஏதோ ஊர்க் கதை போலத்தான் சொன்னார். தெருவில் நின்று ராஜராஜன் சார் முழங்கியதை நான் நடித்துக் காட்டினேன். கொளஞ்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தங்கை தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

பிறகு கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ஏண்டி, அந்தப் பொண்ணு நின்னிருந்த நாள்ல, கிளாஸ்ல அவ எடத்துல வேற யாரும் உக்காந்துட்டாங்களா?"

"இல்லக்கா. எடம் அப்படியேதான் இருந்துச்சு. கூட உக்கார்ற பொண்ணு யாரையும் உக்கார உடலயாம்."

"நல்ல வேள" என்றாள் கொளஞ்சியம்மாள்.

சட்டியை மூடினாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். சம்பூர்ணம் டீச்சர் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா எங்களைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"என் எடத்துல ரொம்ப நாளு யாரும் உக்காரல. தண்ணிக்குப் போறப்ப பள்ளிக்கூடத்து ஜன்னல் பக்கமாத்தான் போவேன். ஆத்துக்கு நேர் வழி இருக்கு. இருந்தாலும் சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் போவேன். எட்டிப் பாப்பேன், எடம் சும்மாக் கெடக்கும். அப்பாடான்னு போயிடுவேன். அம்மாவுக்குச் சீக்கிரம் நல்லாயிடும், போயி உக்காந்துக்கலாம்னு இருந்தேன். ஒரு நாளு பாக்கறேன், யாரோ புதுப் பொண்ணு ஒண்ணு உக்காந்திருக்கு. எண்ணெய் வெச்சு வழிச்சு சீவிக்கிட்டு, பாவம், நல்ல பொண்ணாத்தான் இருந்துச்சு. அதுக்கு என்ன தெரியும்? அன்னியிலேருந்து நான் நேர் வழியாவே போயிட்டேன்."